ஒன்பது நாள் படுத்திருந்த டாக்டர்

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, பாய்லரைப் பற்றியோ பேரிங்கைப் பற்றியோ ஏதாவது எழுதித் தருவான் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். நம் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்தவன் வேறு எதை எழுதுவான்? ஆனால் நான் எழுத வந்திருப்பது ஒரு ஜெர்மன் அறுவை மருத்துவரைப் பற்றி. அவர் பெயர் அவுகுஸ்ட் பீர். விடுதி நண்பர்கள் சிரிக்க வேண்டாம். ஜெர்மன் மொழியில் அந்தப் பானத்துக்கும் இவர் பெயருக்கும் எழுத்துகூட ஒன்றேதான்.

எங்கள் மகள் சிசேரியனில் பிறந்தாள். நான் தியேட்டருக்கு வெளியே நின்றிருந்தேன். உள்ளே நடந்ததை என் மனைவி சொல்லித்தான் தெரியும். ஆபரேஷனை விட அவள் மனதில் பதிந்துபோனது அதற்கு முந்தைய சில நிமிஷங்கள். மேஜை விளிம்பில் உட்கார வைத்து, பாதங்களை ஸ்டூல் மேல் வைக்கச் சொல்லி, ஒரு தலையணையைக் கட்டிக்கொண்டு, தாடையை நெஞ்சில் பதித்து, முதுகைப் பின்னால் தள்ளி வளைக்கச் சொன்னார்களாம். நிறைமாத வயிறு முன்னால் முட்டுகிறது. வலி வேறு வந்து வந்து போகிறது. இதில் அசையவும் கூடாது! ஒரு சிஸ்டர் எதிரே நின்று இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டிருந்தார். முதுகில் ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபின் ஒருநாள் அவள் கேட்டாள், ஊசி குத்த ஒரு பொட்டு இடம் போதுமே, ஆளை எதற்கு அப்படி வில்லாக வளைக்க வேண்டும் என்று. இன்ஜினியர்தானே நீங்கள் என்று ஒரு குத்தலும் சேர்ந்து வந்தது. எனக்குப் பதில் தெரியவில்லை. நம் பேட்ச் நண்பன் ஒருவனின் தங்கை மயக்க மருந்து டாக்டர். அவரிடம் கேட்கப் போனேன். அவர் விளக்கியதோடு நில்லாமல் பீரின் கதையையும் எடுத்துச் சொன்னார். அதன்பின் தேடித் தேடிப் படித்தேன்.

பீர் 1861 நவம்பர் 24 அன்று, மத்திய ஜெர்மனியில் வால்டெக் என்ற குட்டி சமஸ்தானத்தில் ஹெல்சென் என்ற ஊரில் பிறந்தார். பெர்லின், லைப்சிக், கீல் ஆகிய ஊர்களில் மருத்துவம் படித்தார். கீல், பால்டிக் கடலோரத் துறைமுகம். அங்கே பேராசிரியர் ஃபிரிட்ரிக் எஸ்மார்க் என்ற பெரிய அறுவை மருத்துவரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். கை கால் ஆபரேஷனுக்கு முன் ரப்பர் பட்டையை இறுக்கிச் சுற்றி ரத்தத்தை வெளியேற்றும் முறை எஸ்மார்க் பெயரால்தான் இன்றும் வழங்குகிறது. நல்ல குருதான் வாய்த்தார்.

அந்தக் காலத்தில் ஆபரேஷன் என்றால் முகத்தில் மூடி வைத்து ஈதர் அல்லது குளோரோஃபார்ம் ஆவியை மூச்சில் இழுக்கச் செய்ய வேண்டும். ஆளே மயங்க வேண்டும். சிலருக்கு மூச்சு நின்றது, சிலருக்கு இதயம் நின்றது. பிழைத்தவர்களும் வாந்தியில் துவண்டார்கள். ஒரு காலை அறுக்க மனுஷனை முழுதாக மயக்க வேண்டுமா என்ற கேள்வி பல பேருக்கு இருந்தது. கொக்கெய்ன் கரைசலைக் கண்ணில் விட்டால் கண் மரத்துப்போகும் என்று 1884இல் வியன்னாவில் கார்ல் கோலர் காட்டியிருந்தார். 1885இல் நியூயார்க்கில் லெனார்ட் கார்னிங் என்பவர் முதுகெலும்பின் நடுவே கொக்கெய்ன் செலுத்திப் பார்த்தார். 1891இல் அதே கீல் நகரில் ஹைன்ரிக் குவின்கே என்ற மருத்துவர், கீழ் முதுகில் இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே ஊசியை விட்டு, மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கும் நீரை எடுக்கும் வழியை வகுத்திருந்தார். கதவு திறந்தே இருந்தது. உள்ளே நுழைந்தவர் பீர்.

1898 ஆகஸ்ட் 16. நோயாளி 34 வயதுத் தொழிலாளி. கணுக்காலில் காசநோய். முன்பு மயக்கம் கொடுத்தபோது மிகவும் அவதிப்பட்டவர். பீர் அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். குவின்கே சொன்ன வழியில் ஊசியை ஏற்றி, அரை சதவீதக் கொக்கெய்ன் கரைசல் 3 மில்லிலிட்டரைத் தண்டுவட நீரில் செலுத்தினார். 20 நிமிஷம் கழித்துக் காலை அறுத்தார்கள். நோயாளி விழித்தபடியே இருந்தார். வலியே இல்லை.

இதோடு நிறுத்தினால் வெற்றிக் கதை. ஆனால் அதற்கப்புறம் அந்தத் தொழிலாளிக்குத் தலைவலியும் வாந்தியும் வந்தன. இதே முறையில் ஆபரேஷன் செய்த மற்ற நோயாளிகளிலும் சிலருக்கு அப்படியே ஆனது. நோயாளி சொல்லும் தலைவலியை டாக்டர் பெரிதாக எடுத்துக்கொள்ளாத காலம் அது. (இப்போது மட்டும் என்ன வாழ்கிறது என்பீர்கள்.) பீர் அப்படி விடவில்லை. இந்தத் தொல்லை எப்படிப்பட்டது, எதனால் வருகிறது என்று தன் உடம்பிலேயே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார்.

ஆகஸ்ட் 24 மாலை. உதவியாளர் பெயர் ஹில்டெபிராண்ட்; அவர் முதல் பெயரும் அவுகுஸ்ட்தான். முதலில் பீரின் முதுகில் ஹில்டெபிராண்ட் ஊசியை ஏற்றினார். ஊசி சரியான இடத்துக்குப் போய்விட்டது. மருந்தைச் செலுத்த சிரிஞ்சை மாட்டப் போனால், அது அந்த ஊசியில் பொருந்தவில்லை! மாட்டிப் பார்ப்பதற்குள் மருந்தில் பெரும்பகுதி வெளியே போனது. அதைவிட மோசம், பீரின் தண்டுவட நீர் ஊசி வழியாக நிறையக் கொட்டிப்போனது. சோதனையைக் கைவிட்டார்கள்.

நம் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டிங் பாடம் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் வயிற்றைக் கலக்கும். இரண்டு பாகத்தையும் மேஜையிலேயே ஒருமுறை மாட்டிப் பார்த்திருந்தால் போதும். இன்றைய சிரிஞ்ச் முனையும் ஊசித் தலையும் ஒரே சர்வதேச அளவில், 6 சதவீதச் சரிவில் செய்யப்படுகின்றன. எந்த கம்பெனி சிரிஞ்சும் எந்த ஊசியிலும் உட்காரும். அதிலேயே இன்னொரு ஆபத்து முளைத்தது, பாருங்கள். ரத்தக் குழாயில் போட வேண்டிய மருந்தைக் கைதவறி முதுகு ஊசியிலும் மாட்டிவிட முடியும். அதனால் 2016இல் முதுகு ஊசிக்கென்று தனி அளவு வகுத்தார்கள். சாதாரண சிரிஞ்ச் அதில் பொருந்தாது. அன்று பொருந்தாததால் வந்த வினை. இன்று பொருந்தாமலிருக்க வேண்டும் என்றே செய்கிறார்கள்.

பீரின் கதைக்கு வருவோம். ஆசிரியர் மேல் சோதனை கெட்டுவிட்டதென்று ஹில்டெபிராண்ட் தன் முதுகைக் கொடுத்தார். இந்தத் தடவை மருந்து சரியாகப் போனது. சில நிமிஷங்களில் கால்கள் மரத்தன. அதன்பின் பீர் செய்ததைப் படித்தால் கொஞ்சம் உதறல் எடுக்கும். ஊசியைத் தொடையெலும்பு வரைக்கும் குத்தினார். எரியும் சுருட்டை வைத்தார். ரோமத்தைப் பிடித்து இழுத்தார். இரும்புச் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஓங்கி அடித்தார். சொல்லக் கூச்சமான இடத்தையும் விடவில்லை. எதற்கும் வலி இல்லை. சுமார் 45 நிமிஷத்தில் உணர்ச்சி திரும்பிவந்தது. இருவரும் சாப்பிட்டு, ஒயின் குடித்து, சுருட்டுப் பிடித்துக் கொண்டாடினார்கள்.

மறுநாள் காலை பீர் நன்றாகத்தான் எழுந்தார். நடந்துகூட வந்தார். பிறகு தலைவலி ஆரம்பித்தது. எழுந்தால் தலை சுற்றுகிறது, வலி கூடுகிறது. படுத்தால் உடனே போய்விடுகிறது. மறுபடி எழுந்தால் மறுபடி வருகிறது. இப்படி ஒன்பது நாள் படுக்கையில் கிடந்தார். மருந்தே சரியாகப் போகாத தனக்கு ஏன் இத்தனை வலி என்று யோசித்தவருக்கு, நீர் கசிந்ததுதான் காரணமாக இருக்கும் என்று பட்டது. அந்த ஊகம் சரி. உடம்பிலுள்ள அந்த நீர் மொத்தமே 150 மில்லிலிட்டர் அளவுதான். மூளை அதில் மிதக்கிறது. நீர் குறைந்தால், நிமிரும்போது மூளை கீழ்நோக்கித் தொய்ந்து, மேலே பிடித்திருக்கும் உறைகளை இழுக்கிறது. படுத்தால் இழுப்பு தளர்ந்துவிடுகிறது.

1899இல் இதையெல்லாம் கட்டுரையாக வெளியிட்டார். தோற்ற சோதனையையும், கொட்டிய நீரையும், ஒன்பது நாளையும் மறைக்காமல் எழுதினார். இந்த முறையை எல்லோரும் உடனே கையில் எடுங்கள் என்று கூவவும் இல்லை. கொக்கெய்ன் விஷத்தன்மை உள்ளது, தொல்லைகள் அதிகம் என்று தயங்கினார். அதைவிட நஞ்சு குறைந்த மருந்துகள் வந்தபின்தான் திரும்ப இதில் இறங்கினார். தன் கண்டுபிடிப்பின் குறையைத் தானே முதல் ஆளாக அச்சிலேற்றியவர். ஃபேக்டரியில் ரிஜெக்‌ஷன் ரிப்போர்ட் எழுதும்போது நாம் என்னவெல்லாம் வார்த்தை தேடுகிறோம் என்று யோசித்துக்கொண்டேன்.

மற்றவர்கள் தயங்கவில்லை. பாரிஸில் துஃபியே என்ற மருத்துவர் இதை வேகமாகப் பரப்பினார். 1900இலேயே சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஆஸ்கர் கிரைஸ், பிரசவ வேதனையில் இருந்த ஆறு பெண்களுக்கு முதுகில் கொக்கெய்ன் கொடுத்து வலியைப் போக்கினார். அங்கிருந்து சிசேரியன் வரை வர இந்த முறைக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. கர்ப்பிணி உடம்பின் கணக்கு வேறு என்பது பல மரணங்களுக்குப் பிறகுதான் புரிந்தது.

என் மனைவியின் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். நம் கீழ் முதுகு இயல்பிலேயே உள்வாங்கி வளைந்திருக்கிறது. கர்ப்பத்தில் வயிற்றுச் சுமைக்கு ஈடாக முதுகைச் சாய்த்து நிற்பதால் இன்னும் கூடுதல். அந்த வளைவில் முள்ளெலும்புகளின் பின்பக்க முனைகள் ஒன்றோடொன்று நெருங்கிக் கிடக்கும். ஊசி நுழைய இடைவெளி இல்லை. முதுகைப் பின்னால் தள்ளி வளைத்தால் விசிறி விரிகிற மாதிரி முனைகள் பிரிந்து, நடுவே சந்து கிடைக்கும். தாடையை நெஞ்சில் வைப்பதும், தலையணையைக் கட்டிக்கொள்வதும், பாதத்துக்கு ஸ்டூல் கொடுத்து முழங்காலை உயர்த்துவதும் எல்லாமே அந்தச் சந்துக்காகத்தான். ஊசி போகிற வழி மில்லிமீட்டர் கணக்கு. ஆள் கொஞ்சம் சரிந்தாலும் எலும்பில் முட்டும். திரும்ப எடுத்துத் திரும்பக் குத்த வேண்டும். தோளைப் பிடித்துக்கொண்டு நின்ற சிஸ்டரும் அதற்குத்தான்; வேலையில் பாதி அவர் கையில் இருக்கிறது என்றார் நண்பனின் தங்கை.

எந்தச் சந்தில் குத்துவது? இரண்டு பக்க இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் சேர்த்து முதுகில் ஒரு கோடு போட்டால், அது பொதுவாக நான்காம் இடுப்பு முள்ளெலும்பை ஒட்டிப் போகும். துஃபியே பெயரால் வழங்கும் கோடு அது. பெரியவர்களுக்குத் தண்டுவடம் முதல், இரண்டாம் முள்ளெலும்பு மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நீரும் நரம்பு இழைகளும்தான். ஆனால் கர்ப்பிணிக்கு இடுப்பு முன்பக்கம் சாய்ந்திருப்பதால், கையால் தடவிப் போடும் கோடு நினைத்ததைவிட மேலே விழக்கூடும். ஆகவே ஒரு சந்து கீழே இறங்கிக் குத்துவதே பத்திரம்.

உட்கார முடியாதவர்களுக்குப் பீர் செய்தது போல ஒருக்களித்துப் படுக்க வைத்தும் போடுவார்கள். அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பெண்களுக்குத் தோளைவிட இடுப்பு அகலம். பக்கவாட்டில் படுத்தால் முதுகெலும்பு தலைப்பக்கமாகச் சரிந்து நிற்கும். சரிந்தால் என்ன என்றுதானே கேட்கிறீர்கள்? அங்கேதான் நம்ம பாடம் வருகிறது.

1907இல் லண்டனில் ஆர்தர் பார்க்கர் என்ற அறுவை மருத்துவர், மருந்தில் குளூக்கோஸ் கலந்து அதைத் தண்டுவட நீரைவிடக் கனமாக்கினார். முதுகெலும்பின் வளைவுகளைப் போலவே வளைந்த ஒரு கண்ணாடிக் குழாய் செய்து, கனமான மருந்து எங்கே வழிகிறது, எங்கே தேங்குகிறது என்று கண்ணால் பார்த்தார். சுத்தமான ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்! அதிலிருந்து நோயாளியின் கிடைதான் மருந்தை நடத்தும் ஸ்டியரிங் ஆனது. இன்று சிசேரியனுக்குப் பெரும்பாலும் போடுகிற புபிவகெய்ன் மருந்திலும் அதே சர்க்கரைதான். அடர்த்தி தண்டுவட நீரைவிட நூற்றுக்கு இரண்டு பங்குதான் அதிகம். அளவு 2 மில்லிலிட்டர். ரொம்ப நேரம் உட்கார வைத்தால் மருந்து அடியில் தங்கி, மேல் வயிறு மரக்காது. தலைப்பக்கம் அதிகம் சரிந்தால் மார்புக்கு ஏறி மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கும். அதனால்தான் ஊசியை எடுத்த கையோடு படுக்க வைத்து, தலைக்குத் தலையணை கொடுக்கிறார்கள்.

படுத்த பின்னும் முடியவில்லை. மல்லாந்து படுத்தால் நிறைமாதக் கருப்பை முதுகெலும்பின் வலப்பக்கம் ஓடும் பெரிய சிரையை நசுக்குகிறது. இதயத்துக்கு ரத்தம் திரும்புவது குறைகிறது. முதுகு மருந்தும் ரத்தக் குழாய்களைத் தளர்த்துவதால் பிரஷர் சடாரென்று இறங்கும். தாய்க்குக் குமட்டும், பிள்ளைக்கு ரத்தம் குறையும். வலது இடுப்புக்குக் கீழே ஆப்பு மாதிரி ஒன்றை வைத்து இடப்பக்கம் 15 டிகிரி சாய்ப்பது பல வருஷ வழக்கம். 2015இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் காந்தப்படம் எடுத்துப் பார்த்தபோது, 15 டிகிரியில் அந்தச் சிரை திறக்கவில்லை. 30 டிகிரியில்தான் திறந்தது. 30 டிகிரி சாய்த்து வைத்து ஆபரேஷன் செய்ய முடியுமா? முடியாது. ஆகவே சாய்வோடு பிரஷரைத் தூக்கிப் பிடிக்கும் மருந்தும் சேர்ந்து போகிறது.

பீரை ஒன்பது நாள் படுக்க வைத்த கசிவுக்கு அவர் காலத்தில் வைத்தியம் கிடைக்கவில்லை. ஊசியைச் சன்னமாக்கியதும், 1951இல் ஹார்ட், விட்டேக்கர் இருவரும் பென்சில் முனை போன்ற ஊசியைக் கொண்டுவந்ததும்தான் தலைவலியைக் குறைத்தன. அந்த முனை உறையை வெட்டாமல் இழைகளை விலக்கிக்கொண்டு போகிறது. அப்படியும் வந்தால், நோயாளியின் ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து அந்த ஓட்டைக்கு வெளிப்புறம் செலுத்தி அடைக்கிறார்கள். 1960இல் அமெரிக்காவில் கோர்ம்லி என்பவர் தொடங்கிய முறை. லீக் ஆகும் குழாய்க்கு நாம் போடுகிற ஒட்டுதான்!

பீரின் மீதி வாழ்க்கையைக் கொஞ்சம் வேகமாகச் சொல்கிறேன். 1899இல் கிரைஃப்ஸ்வால்ட், 1903இல் பான், 1907இல் பெர்லின் பல்கலைக்கழகம் என்று பேராசிரியராக உயர்ந்தார். 1908இல், கையில் இரண்டு இடத்தில் கட்டுப்போட்டு நடுவிலிருக்கும் சிரையில் மருந்து செலுத்தி மரக்க வைக்கும் முறையைச் சொன்னார். அது இன்றும் அவர் பெயரில்தான் நடக்கிறது; பழைய குரு எஸ்மார்க்கின் ரப்பர் பட்டை அதில் பாதி வேலை செய்கிறது. முதல் உலகப் போரில் வீரர்கள் தோல் தொப்பியோடு பதுங்குகுழியில் நின்று, சின்னச் சின்ன இரும்புச் சிதறல்களால் மண்டை உடைந்து சாவதைப் பார்த்தார். ஹனோவர் தொழில்நுட்பக் கல்லூரிப் பேராசிரியர் ஃபிரிட்ரிக் ஷ்வெர்ட் என்ற இன்ஜினியரோடு பேசியதன் விளைவாக எஃகுத் தலைக்கவசம் பிறந்து, 1916இல் களத்துக்குப் போனது. ஒரு டாக்டரும் ஒரு இன்ஜினியரும் உட்கார்ந்து பேசினால் என்ன நடக்கும் என்று நம் மாணவர்களுக்குச் சொல்ல எனக்கு ரொம்ப ஆசை. ஆனால் அந்தக் கவசம் பின்னால் எந்தப் படையின் தலையில் இருந்தது என்பதும் நினைவுக்கு வருகிறது.

1925இல் ஜெர்மன் ஜனாதிபதி எபெர்ட்டுக்குக் குடல்வால் ஆபரேஷன் செய்தவரும் பீர்தான். எபெர்ட் பிழைக்கவில்லை. 1932இல் பீர் ஓய்வு பெற்றார். 1937இல் ஹிட்லர் அரசு தந்த தேசியப் பரிசைச் சாவர்புருக் என்ற மற்றொரு அறுவை மருத்துவரோடு பகிர்ந்து வாங்கிக்கொண்டார். பெரிய மனிதர்களைப் பற்றி எழுதும்போது இப்படிச் சில வரிகளும் எழுத வேண்டித்தான் இருக்கிறது.

எனக்குப் பிடித்தது அவருடைய காடு. 1912இல் பெர்லினுக்குக் கிழக்கே ஸாவன் என்ற ஊரில் ஒரு எஸ்டேட் வாங்கினார். மணல் பூமி, பைன் மரம் மட்டுமே நின்ற காடு. அதில் பல வகை இலையுதிர் மரங்களைக் கலந்து நட்டு, பல பத்தாண்டுகள் பாடுபட்டு மண்ணையே மாற்றினார். 1949 மார்ச் 12 அன்று அங்கேயே, 87ஆம் வயதில் இறந்தார். அந்தக் காட்டிலேயே அடக்கம் செய்தார்கள். காடு இப்போதும் இருக்கிறது.

இந்தக் கட்டுரையை மலர்க் குழுவுக்கு அனுப்பும் முன் மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். வளைவு, கோடு, ஆப்பு எல்லாம் புரிந்தது என்றாள். அப்புறம் அவள் கேட்டது பீரைப் பற்றி அல்ல, ஹில்டெபிராண்டைப் பற்றி. மரப்பு போன பிறகு அவருக்கு என்ன ஆனது? நான் எழுதாமல் விட்டிருந்தேன். அன்று இரவே அவருக்குத் தலைவலியும் வாந்தியும் வந்தன. தலைசுற்றலோடுதான் மறுநாள் வேலைக்கு வந்தார். சுத்தியலடி பட்ட கால்கள் கன்றிப்போய் வெகுநாள் வலித்தன. 1899இல் வந்த கட்டுரைக்குள் அவர் பெயர் இருக்கிறது. எழுதியவர் என்ற இடத்தில் பீரின் பெயர் மட்டும்தான்.